வலது முன் சக்கரம்

ஜனவரி 11, 1994, செவ்வாய்

நான் சமைக்கும் பள்ளிக்கூடத்தில் இன்று மதியத்துக்குக் கறியும் பீன்ஸும் போட்ட சில்லி, இலவங்கப்பட்டை ரொட்டி ரோல். அறுபத்து மூன்று தட்டு. பிள்ளைகளுக்கு இதைவிட இஷ்டமான சாப்பாடு கிடையாது, வரிசையில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். பால் வண்டிக்காரர் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க, அன்னைக்கு ஃபோர் வீல் போட மறந்துட்டீங்களாமே?"

பால் வண்டிக்காரர்! அறுபது மைல் தள்ளி இருக்கிறவர். அவர் காது வரைக்கும் போயாகிவிட்டது. கையெழுத்து போட்ட பேனா தாளைக் கிழித்துவிட்டது.

நான் மறக்கவில்லை. இதை யாரும் காதில் வாங்கப் போவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். போன வியாழன், ஆறாம் தேதி, மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. டெல்மர் சமையலறையில் விழுந்து கிடக்கிறார் என்று அவர் மனைவி ஐலா. பத்தொன்பது மைல். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. ஆம்புலன்ஸை நான் ஓட்டினேன், பின்னால் தபால் ஆபீஸ் மார்வா. பேட்ஜர் ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தினேன். நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் ஃபோர் வீல் லீவரை இழுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தது! பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

ஏற்றத்தில் கால்வாசி தூரம் போனதும் பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. முன் சக்கரங்கள் சும்மா நின்றன. வண்டி பின்னாலேயே வழுக்கி வந்து பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. பனியில் பிடிப்புக்காக ஒரு சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி முடிப்பதற்குள் பக்கத்துப் பண்ணை டிராக்டர் வந்து இழுத்தது. நாற்பது நிமிஷம் போயிற்று. நாங்கள் உள்ளே நுழைந்தபோது டெல்மருக்கு வலது பக்கம் முழுதும் வாதத்தில் விழுந்திருந்தது. பேச்சும் இல்லை. ஐலா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க இருந்தீங்க?"

அறுபது மைல் தள்ளிப் பெரிய ஊர் ஆஸ்பத்திரி நடையில் ஆர்விட் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஃபோர் வீல் போட்டிருந்தா ஏறியிருக்கும்." ஆர்விட் எங்கள் ஆம்புலன்ஸ் தொண்டர் குழுவின் தலைவர். டெல்மரின் அண்ணன். அவர் சொன்னால் எங்கள் ஆஷ் கூலி ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை.

ஜனவரி 13, வியாழன்

குழுக் கூட்டம். மார்வா ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். யாருக்கும் பை மேல் நினைப்பில்லை, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்விட் செயல்விளக்கம் காட்டினார். ஆம்புலன்ஸை அது நிற்கும் ஹாலிலிருந்து வெளியே எடுத்து, லீவரை இழுத்து, வாசலில் ஒதுக்கி வைத்திருக்கும் பனி மேட்டின் மேல் ஏற்றினார். ஒரே மூச்சில் ஏறியது. இறக்கினார். மறுபடி ஏற்றினார். மூன்று தடவை! பிறகு இறங்கி வந்து கதவைச் சாத்திவிட்டு, "வண்டில கோளாறு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு ஏறுதே" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் வலித்தது, திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"விளக்கு எரிஞ்சுது ஆர்விட்."

"எரிஞ்சதா நெனச்சிருப்ப, லெனோரா. பதட்டத்துல அப்படித்தான். தப்பில்ல."

தப்பில்லையாம்! கை தூக்கச் சொன்னார்கள். லெனோரா இனிமேல் ஓட்ட வேண்டாம், பின்னால் நோயாளி பக்கத்தில் மட்டும் உட்காரலாம் என்பதற்கு ஐந்து கை. மார்வா கை தூக்கவில்லை. எதிர்க்கிறவர்கள் என்று கேட்டபோது எனக்காகவும் தூக்கவில்லை. பை தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள்.

ஒன்பது வருஷம். மூன்று பிரசவம், எத்தனை மாரடைப்பு, ஆலங்கட்டி மழையில் கவிழ்ந்த தானிய லாரி. சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் வண்டி ஹால் வாசலிலேயே நிற்கிறது, நாளைக்குத்தான் போய் எடுக்க வேண்டும்.

ஜனவரி 14, வெள்ளி

எடுத்து வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 16, ஞாயிறு

சர்ச் முடிந்து காபிக்கு நிற்கவில்லை. வரும் வழியில் வெர்லிடம் நேராகக் கேட்டேன். இருபத்தோரு வருஷமாக என் புருஷன், நான் லீவரை இழுத்தேன் என்பதை அவராவது நம்புகிறாரா?

வெர்ல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இழுத்ததா உனக்கு ஞாபகம் இருந்தா சரி, லெனோ" என்றார்.

ஞாபகம் இருந்தா சரியா? இது என்ன பதில்? நம்புகிறேன் என்று சொன்னால் நாக்கு வெந்துபோகுமா? வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி விடலாமா என்று இருந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து. இறங்கவில்லை. ஆனால் மத்தியானம் அவரே முட்டை பொரித்துச் சாப்பிட்டார்.

ஜனவரி 18, செவ்வாய்

பெரிய ஊர் மெக்கானிக் கஸ்ஸுக்குப் பள்ளிக்கூடத்துப் போனிலிருந்து பேசினேன். இதுவரை முகம் பார்த்ததில்லை. முதல் மனிதர், என்னிடம் "நெசமா போட்டீங்களா?" என்று கேட்காதவர்.

"விளக்கு எரிஞ்சுதுங்களா? முன் சக்கரம் சுத்தலையா? அப்ப ஹப்பைப் பாருங்க" என்றார்.

நான் புரியாமல் விழித்தது போனிலேயே தெரிந்திருக்கும். பொறுமையாகச் சொன்னார். லீவரை இழுத்தால் வண்டியின் நடுவில் இருக்கும் பெட்டிதான் மாறுகிறது. அந்த விளக்குக்கு அது மட்டும்தான் தெரியும். அங்கிருந்து சக்தி முன் ஆக்சில் தண்டுக்குப் போகிறது. ஆனால் தண்டையும் சக்கரத்தையும் பூட்டுவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். பழைய வண்டிகளில் இறங்கிப் போய்க் கையால் திருகிப் பூட்ட வேண்டும். எங்கள் வண்டியில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி நகர ஆரம்பித்ததும். பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிக்கொள்ளாவிட்டால் சொல்வதற்கு எந்த விளக்கும் இல்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துலயா கெட்டுப்போகும்?"

"ஒரு பக்கம் பூட்டலைன்னா போதுங்க. சக்தி எல்லாம் அந்தப் பக்கமே ஓடிப்போயிரும். பூட்டின சக்கரமும் சும்மாதான் நிக்கும்."

ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன், இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆர்விட்டுக்கே தெரியுமா? போனை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். விளக்கும் எரிந்தது, முன் சக்கரமும் சுற்றவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க முடியும்! பன்னிரண்டு நாளாக எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது, இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 20, வியாழன்

ஆம்புலன்ஸ் ஹாலின் சாவி எல்லாத் தொண்டர்களிடமும் உண்டு, அதை மட்டும் என்னிடமிருந்து வாங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். கஸ் சொன்னபடி: லீவரை இழு, வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்து, பின்னால் எடுக்காதே, எடுத்தால் பூட்டு விட்டுவிடும். ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தூக்கு. கையால் சுற்றிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தண்டைப் பார். தண்டும் கூடச் சுற்றினால் பூட்டியிருக்கிறது. சக்கரம் மட்டும் சுற்றினால் பூட்டவில்லை.

இரண்டு பக்கமும் தண்டு கூடவே சுற்றியது. சமத்தாக!

மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் பூட்டியது. சக்கரத்தை ஓங்கி உதைத்தேன், கால் விரல் வீங்கிவிட்டது.

வெளியே வரும்போது மார்வா தபால் ஆபீஸைப் பூட்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

"ஏண்டி, அன்னைக்கு நீ பின்னாலதானே இருந்த. விளக்கைப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன். பச்சையா எரிஞ்சுது."

"அப்ப ஏன் வாயைத் தொறக்கல?"

"ஆர்விட்டோட தம்பி, லெனோரா. ஆஸ்பத்திரில கெடக்காரு. அந்த வாரம் அண்ணன் மூஞ்சிக்கு நேரா எப்படி நான்..."

என் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல மட்டும் எல்லோருக்கும் முடிகிறது.

ஜனவரி 25, செவ்வாய்

இன்று ஒன்று கிடைத்தது. சரியாக இருந்தால் — இருக்க வேண்டும் —

பள்ளிக்கூடத்தில் பிஸ்கட்டுக்கு மாவு பிசைய, சூடு போகாத வெளி அறையிலிருந்து கொழுப்பு டப்பாவை எடுத்து வந்தேன். கரண்டி இறங்கவில்லை. அடுப்பு பக்கத்தில் இருந்த இன்னொரு டப்பாவில் கரண்டி தானாகவே இறங்கியது. இரண்டும் ஒரே சரக்கு. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

மருந்து பாட்டில்கள் உறைந்துவிடும் என்று வண்டியை எப்போதும் சூடாக்கிய ஹாலுக்குள்தான் நிறுத்துகிறோம். வெளியே நிறுத்தக் கூடாது என்பது ஆர்விட் எழுதி மாட்டிய முதல் விதி. அவர் பனி மேட்டில் ஏற்றிக் காட்டியபோது வண்டி ஹாலை விட்டு வெளியே வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் சோதித்ததும் ஹாலுக்குள்ளேதான். ஆனால் அன்றைக்கு நான் லீவரை இழுத்தது கிட்டத்தட்ட பத்தொன்பது மைல் குளிரில் ஓடி வந்த பிறகு.

சூட்டில் பூட்டுகிறது, குளிரில் பூட்டவில்லை. அவ்வளவுதானா? இதற்குத்தானா நான் இத்தனை பேச்சு வாங்கினேன்?

பிஸ்கட் கருகிவிட்டது. பிள்ளைகள் தேனை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார்கள்.

ஜனவரி 29, சனி

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. இப்படி ஒரு குளிருக்காக யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள், நான் பட்டேன்.

சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வண்டியை எடுத்து ஓட்டி, டீசல் நிரப்பி வர வேண்டும். இன்று மார்வாவின் முறை, கொழுப்பு டப்பா விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். காலையில் அவளே வந்து கதவைத் தட்டினாள். "ஏறு" என்றாள். இதற்கு முன் அவள் மேல் இருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

பேட்ஜர் ஏற்றத்தின் அடியில் நிறுத்தினோம். "லீவரை நீ இழு, என் கை படக் கூடாது" என்றேன். மார்வா இழுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. முப்பதடி நகர்ந்து நிறுத்தினாள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பலகை மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கினோம்.

இடது சக்கரத்தைச் சுற்றினேன். தண்டும் கூடச் சுற்றியது.

வலது சக்கரம் — ஒரு விரலால் தள்ளினேன். காற்றாடி போலச் சுற்றியது. பின்னால் தண்டு அசையவே இல்லை.

"பாரு மார்வா! பாருடி! குனிஞ்சு பாரு!"

அவள் பனியில் வயிறு படப் படுத்துப் பார்த்தாள். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தாள். "நான் கை தூக்கியிருக்கணும்" என்றாள். ஆமாம், தூக்கியிருக்க வேண்டும். சொல்லவும் செய்தேன்.

இத்துடன் விட எனக்கு மனமில்லை. நாளைக்கு ஆர்விட் "தற்செயல்" என்பார். ஆம்புலன்ஸில் இருந்த வெப்பப் பொட்டலங்கள் ஆறையும் கசக்கிச் சூடாக்கி, வலது ஹப்பைச் சுற்றி வைத்து, முக்கோணத் துணியால் கட்டி, மேலே கம்பளியைச் சுற்றினோம். கை உடைந்தவருக்குக் கட்டுகிற அதே கட்டு. இருபத்தைந்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து அவளுடைய பிளாஸ்க் காபியைக் குடித்தோம். பிறகு துணிக் கட்டைப் பிரித்து, வண்டியை இறக்கி முன்னால் நகர்த்தி, மறுபடி தூக்கிச் சுற்றினேன்.

தண்டு கூடச் சுற்றியது!

நான் போட்ட சத்தத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பசுக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

ஜனவரி 30, ஞாயிறு

எல்லோரும் சர்ச்சில் இருக்கும் நேரத்தில் ஹாலுக்குப் போய் வலது ஹப்பைப் பிரித்தேன். மூடியில் ஐந்து சின்ன ஸ்குரூ. கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங், முன்னும் பின்னும் நகர வேண்டிய ஒரு பல் வளையம். கஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "உள்ள லேசா ஒரு பூச்சுதாங்க இருக்கணும். விரல்ல தொட்டா ஒட்டுற அளவு."

உள்ளே கிரீஸ். தொண்டை வரைக்கும். வளையம் எது, ஸ்பிரிங் எது என்று தெரியாத அளவுக்கு அடைத்து வைத்திருந்தது. கறுப்பும் சாம்பலுமாக, கெட்டியாக, அந்த நாற்றத்தோடு. குளிரில் இது இறுகினால் வளையம் எங்கே நகரும்? இடது பக்கத்தையும் பிரித்தேன். அதுவும் அப்படியே. அது எப்படியோ பூட்டித் தொலைத்திருக்கிறது.

இந்த கிரீஸை எனக்குத் தெரியும். வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் பெரிய பேரிங்குகளுக்குப் போடுவது. இந்தப் பள்ளத்தாக்கில் இதை வாளி வாளியாக வாங்குகிறவர் ஒருவர்தான். அக்டோபரில் கடைசி வைக்கோலும் ஏறியதும் வாளியோடு கிளம்புவார். சர்ச் கதவுக் கீல், கல்லறைத் தோட்டத்து கேட், பள்ளிக்கூடத்து ஊஞ்சல், விதவைகளின் டிராக்டர். யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரிடமும் கேட்கவும் மாட்டார். அசைகிற பொருள் எதுவானாலும் குளிர்காலத்துக்குள் அதற்கு கிரீஸ் போட்டுவிட வேண்டும். நாங்களும் நன்றி சொல்லி பை செய்து கொடுப்போம். நானே போன அக்டோபரில் பூசணிக்காய் பை கொடுத்தேன்.

ஆர்விட்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுபோயிற்று. அந்த மனுஷன் தன் கையாலேயே அடைத்து வைத்துவிட்டு, எல்லோரையும் கை தூக்கச் சொல்லி என்னைக் கீழே இறக்கினாரே! "பதட்டத்துல அப்படித்தான், தப்பில்ல." எனக்கு மன்னிப்பு வழங்கினாரே!

எல்லாவற்றையும் கரண்டியால் சுரண்டி ஒரு காபி டின்னில் போட்டு மூடினேன். இரண்டு ஹப்பையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, லேசான பூச்சு பூசி மூடினேன். வியாழக்கிழமை கூட்டத்தில் மேசை நடுவில் டின்னை வைக்கப் போகிறேன். மூடியை அவரையே திறக்கச் சொல்வேன்.

பிப்ரவரி 1, செவ்வாய்

பள்ளிக்கூடம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன்? ஐலாவிடம் சொல்லத்தான். வியாழன் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆர்விட் தம்பிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி ஊட்டுவது, வாயின் வலது ஓரத்தைத் துண்டால் துடைப்பது, அடுத்த கரண்டி. நடுவில் நிறுத்தாமல் பேசினார். "அந்தச் செவலப் பசு நேத்து கன்னு போட்டுருச்சுடா. பின்னங்காலு முன்னால வந்துச்சு, நானே இழுத்தேன். நீ இருந்தா திட்டியிருப்ப, அவசரப்படாத அண்ணேன்னு." டெல்மர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல முடியாதவரிடம் இவர் பதிலுக்குக் காத்திருந்து, தலையாட்டி, மறுபடி பேசினார்.

நடையில் ஐலா வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சீக்கிரம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன். டாக்டர் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நான் தினமும் அந்த நாப்பது நிமிஷத்தையே எண்ணிக்கிட்டு இருக்கேன் லெனோரா. உன்னப் பார்க்க எனக்கு முடியல."

பதில் என் தொண்டையில் இருந்தது. எண்ண வேண்டியது என்னை அல்ல, அதோ கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவரை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் திரும்பி வந்தேன்.

அவருக்குத் தெரிந்தால் அந்தக் கரண்டியை அவர் எப்படிப் பிடிப்பார்? இந்தக் கேள்வி எனக்கு எதற்கு? என்னைப் பற்றி யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டார்களா? எனக்கு இரக்கம் வருவதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, வியாழன்

டின் என் கைப்பையில், கைப்பை நாற்காலிக்கு அடியில். என் முறை வந்ததும் எழுந்து சொன்னேன். குளிர், பத்தொன்பது மைல், வலது சக்கரம், வெப்பப் பொட்டலம், கிரீஸ். மார்வா எழுந்து, "நான் என் கண்ணால பார்த்தேன். அன்னைக்கு விளக்கையும் பார்த்தேன்" என்றாள்.

யாரோ கேட்டார்கள்: "அந்த கிரீஸை யாரு போட்டது?"

ஆர்விட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாயிலிருந்து வரட்டும், அதுதான் முறை. நான் பத்து வரை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

கடைசியில் என் வாய்தான் திறந்தது: "தெரியல. கழுவியாச்சு, இப்ப சரியா பூட்டுது."

மார்வா சாவியை என் பக்கம் தள்ளினாள். யாரும் மறுக்கவில்லை. ஆர்விட் கூட்டம் முடிந்தது என்றார். எலுமிச்சை பையை யாரும் வெட்டவில்லை.

பிப்ரவரி 4, வெள்ளி

தெரியல என்றா சொன்னேன்? இரண்டு வாரம் பனியில் படுத்துப் புரண்டு கண்டுபிடித்துவிட்டு, தெரியலயாம்! அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ஒரே ஒரு வார்த்தை. சாவி கிடைத்துவிட்டது, போதுமே என்கிறார் வெர்ல். போதாது. நான் மறந்தவள் என்று சொன்னது அந்த வாய். மறக்கவில்லை என்று அந்த வாய்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 8, செவ்வாய்

பதினொன்றே கால். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைப் பின்கதவில் ஆர்விட். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அந்த கிரீஸ் என்ன நிறம்?" என்றார்.

"கறுப்பு. சாம்பல் கலந்தது."

"என்னோடதுதான்."

"ஆமா, உங்களோடதுதான்."

நான் குழைந்து பேசவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார்.

"அன்னைக்கு ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க மேசையப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க!"

கத்திவிட்டேன் போல. வரிசையில் நின்ற பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். ஆர்விட் தலையாட்டினார். ஆறு வருஷமாகத் தலைவர், அறுபத்தாறு வயது, இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அவரைப் பார்த்துக் கத்தியதில்லை.

"வண்டியச் சோதிக்காமப் பேசிட்டேன். நீ பொய் சொல்றவ இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். யார் மேலயாவது போடணும்னு இருந்துச்சு." கொஞ்சம் நின்றார். "ஐலாகிட்டச் சொல்லணும். டெல்மர்கிட்டயும். கிளம்பிட்டேன், ஆனா வண்டிய வளைவு வரைக்கும்கூட கொண்டுபோக முடியல. கை நிக்கல. நீ ஓட்டுறியாம்மா?"

என்ன தைரியம் இந்த மனுஷனுக்கு! அறுபது மைல். என்னிடம். இத்தனைக்கும் பிறகு.

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். டீச்சரைக் கூப்பிட்டுப் பரிமாறச் சொன்னேன்.

அறுபது மைலும் நான்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி அறையில் அவர் கட்டில் பக்கத்தில் நின்றே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "ஹப்புல கிரீஸை அடைச்சது நான்தான். அதனாலதான் வண்டி ஏறல. லெனோரா சரியாத்தான் செஞ்சா." டெல்மர் கண்ணை மூடித் திறந்தார். புரிந்ததா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஐலா ஆர்விட்டையே வெகுநேரம் பார்த்தாள். நான் கதவு ஓரத்தில் நின்றேன். பிறகு ஐலா என் பக்கம் திரும்பி, "உன்ன நான் என்னெல்லாம் நெனச்சேன்" என்றாள். சூப் கிண்ணத்தை எடுத்து ஆர்விட் கையில் கொடுத்தாள்.

பிப்ரவரி 17, வியாழன்

கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான்கு வாக்கியம். என் பெயரை இரண்டு தடவை சொன்னார். தலைவர் பதவியை விடுகிறேன், நான் விலகுவதை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

ஒரே ஒரு கை எழுந்தது. என்னுடையது.

மார்வா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் கையை இறக்கவில்லை. என் நேரத்தில் ஐந்து கை எழுந்ததே, அவருக்கு ஒன்றாவது எழட்டும். ஆர்விட் என்னைப் பார்த்து, "நியாயம்தான்" என்றார். ஆனாலும் அவர்தான் தலைவர். இன்று கர்ரன்ட் பழ பை, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 5, சனி

டெல்மரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ராத்திரி புதுப் பனி எட்டு அங்குலம். நான் ஓட்டினேன். பின்னால் ஐலாவும் மார்வாவும், டெல்மர் ஸ்ட்ரெச்சரில். முன்னால் என் பக்கத்தில் ஆர்விட்.

பேட்ஜர் ஏற்றத்தின் அடியில் நிறுத்தி லீவரை இழுத்தேன். ஆர்விட் தானாகவே கதவைத் திறந்து இறங்கினார். வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பனியில் முழங்காலிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்தார். "மெதுவா நகத்தும்மா!" நகர்த்தினேன். கையை உள்ளே நீட்டிக் காட்டியபடி கூடவே இரண்டு அடி தவழ்ந்தார். "சுத்துது! தண்டும் சுத்துது! போ, நிக்காத, போ!"

போனேன். அந்த ஏற்றத்தில் கிளம்பிய வண்டியை நிறுத்தக் கூடாது, அது அவருக்கும் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன், முழங்கால் பனியைத் தட்டிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். நாலு சக்கரமும் பிடித்து ஏறின. பின்னாலிருந்து ஐலா, "அவரு?" என்றாள். "நடந்து வருவாரு" என்றேன்.

டெல்மரை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தோம். ஜன்னல் பக்கம் வேண்டும் என்று இடது கையால் காட்டினார், நகர்த்திக் கொடுத்தோம். ஐலா காபி போட்டாள். எனக்கு ஒரு கோப்பை ஊற்றினாள். ஜன்னலில் ரோடு காலியாக இருந்தது.

நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு மைல்தானே. ஒரு வாய் குடித்தேன். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற்றத்துக்கு இறங்கிப் போனேன்.

பாதி ஏற்றத்தில் இருந்தார். மீசை முழுக்கப் பனி. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் சூட்டைக் கூட்டி வைத்தேன். அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.